அக்கா பார்த்துக்குவா

தளிப் பக்கம் ஒரு வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு எரிய வேண்டும் என்பதைக் கம்பெனி பஸ்தான் முடிவு செய்கிறது. ஓசூரில் காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர், அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தளியில் நாலரைக்கெல்லாம் தெருமுனையில் நின்றாக வேண்டும். ஜவளகிரிச் சாலையில் உள்ளே தள்ளிக் குடியிருந்தால் அதற்கும் முன்னால். அம்மா ரோஜா பாலிஹவுஸில் வேலை செய்கிறாள் என்றால் வெயில் ஏறுவதற்குள் பூ வெட்ட வேண்டும். அவளும் விடிந்ததும் கிளம்பிவிடுவாள். அதற்குப் பிறகு வீட்டில் யார்? எட்டு வயதுப் பெரியவள், நாலு வயதுச் சின்னவள். கேட்டால் பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில்தான்: "அக்கா இருக்காளே, பார்த்துக்குவா."

இந்த அத்தியாயம் அந்தப் பதிலுக்கு மாற்று ஏற்பாடு செய்வது பற்றியது.

அக்கா தங்கைக்குத் தலை வாரிவிடட்டும், கதை சொல்லட்டும், கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப் போகட்டும். அதையெல்லாம் யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் பாசம் எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். பெரியவள் நான்கு நாள் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டால், சின்னவளைப் பார்க்க ஆளில்லை என்று உங்களில் ஒருவர் லீவு போட வேண்டியிருக்குமா? ஆம் என்றால் அந்தப் பெண் உங்கள் வீட்டில் சம்பளமில்லாத ஆயா. அவளுக்கு வயது எட்டு.

இது இந்தப் பகுதியில் இவ்வளவு பரவியதற்குக் காரணம் இருக்கிறது. ராகியும் அவரையும் மட்டும் இருந்த காலத்தில் அம்மா வேலை செய்தாள்தான், ஆனால் கூப்பிடு தூரத்தில் செய்தாள். குழந்தை வரப்பில் கிடந்தது. வீட்டில் அவ்வா இருந்தாள். 1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது, பின்னால் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாக வந்தன. அந்த முதல் அலை பெரும்பாலும் அப்பாக்களைக் கூட்டிக்கொண்டு போனது. இப்போது கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆயிரக்கணக்கில் பெண்களை வேலைக்கு எடுக்கிறது. இந்திய-இஸ்ரேல் கூட்டு முயற்சியில் தளியிலேயே கொய்மலர்களுக்கு ஒரு மகத்துவ மையம் அமைக்கிற அளவுக்கு ரோஜா இங்கே பெரிய தொழிலாகிவிட்டது. அம்மாவின் கையில் சொந்தமாகச் சம்பளம் வருவது இந்த ஊருக்கு நடந்த நல்ல விஷயங்களில் ஒன்று, அதை நிறுத்தச் சொல்கிற யோசனை எதுவும் இந்த நூலில் கிடையாது. அம்மா விட்டுப்போன மணி நேரங்களை யார் நிரப்புகிறார்கள் என்பதுதான் கேள்வி.

நாலரை முதல் எட்டரை வரை

நாளின் மிக ஆபத்தான நேரம் இதுதான். ஆகவே முதலில் இதை ஒழுங்கு செய்யுங்கள். மற்றவை மெல்லச் சரியாகும்.

சுவரில் ஒரு காலண்டரை மாட்டுங்கள். அப்பாவின் ஷிஃப்டை ஒரு நிறத்திலும் அம்மாவின் ஷிஃப்டை வேறு நிறத்திலும் வாராவாரம் குறியுங்கள். இருவரும் முதல் ஷிஃப்டில் விழும் வாரங்கள் கண்ணில் படும். அந்த வாரங்களுக்கு மட்டும் ஏற்பாடு செய்தால் போதும் என்பது தெரிந்ததுமே பாதி மலைப்பு போய்விடும். ஷிஃப்டை மாற்றிக் கேட்பதானால் அட்டவணை போடுவதற்கு முன் கேளுங்கள், போட்ட பிறகு எந்த சூப்பர்வைசரும் காது கொடுக்க மாட்டார். கேட்க வேண்டியவர் அம்மா மட்டும் என்று நினைப்பது வழக்கம். அப்பாவும் கேட்கலாம். இரண்டு பெண் குழந்தைகள் இருவருக்கும்தான் பிறந்திருக்கிறார்கள்.

மாற்ற முடியாத வாரங்களில் பெரியவர் ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம், தூரத்து உறவு அவ்வாவாக இருக்கலாம். "சும்மா ஒரு கண்ணு பாத்துக்கோங்க" என்று விட்டுப் போவதில் சிக்கல் இருக்கிறது: சும்மா பார்ப்பவர் தனக்கு வேலை வந்தால் போய்விடுவார், அவரைக் கேட்கவும் முடியாது. மாதம் இவ்வளவு என்று பேசிக் கொடுத்தால் அவர் நேரத்துக்கு வருவார். ஓ.டி. பார்த்துச் சம்பாதிப்பதில் ஒரு பங்கு இதற்குப் போகும். போகட்டும்.

அம்மா வேலை செய்யும் இடத்தில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால், குழந்தைகள் காப்பகம் வைத்துத் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் செய்த திருத்தம் இதைக் கொண்டுவந்தது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரவும் அனுமதி உண்டு. தனியாளாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். ஒரே லைனில் சின்னக் குழந்தை உள்ள பத்துப் பெண்கள் கையெழுத்துப் போட்டு எச்.ஆர்.இடம் கொடுத்தால் பதில் வேறு மாதிரி வரும்.

இனி வீட்டுக்குள். பெரியவளிடம் அடுப்பை ஒப்படைக்காதீர்கள். கேஸ் அடுப்பும் கூடாது, இண்டக்‌ஷன் அடுப்பும் கூடாது. பாலைக் காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றி வையுங்கள். அரசு தொடக்கப் பள்ளியில் படிப்பவள் என்றால் அவளுடைய காலை உணவுக்குக் கவலை இல்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பள்ளி மணி அடிப்பதற்குள் உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ சூடாகக் கிடைக்கும். ஆனால் அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். அங்கன்வாடிக்குப் போகும் சின்னவளின் காலைப் பசிதான் மிச்சம், அதுதான் பெரியவளைத் தாமதப்படுத்துகிறது. முதல் நாள் இரவு கிண்டிய ராகிக் களியில் ஒரு உருண்டையைத் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்தால் கூழ் ஆயிற்று. 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. தானியங்களில் இதற்கு நிகர் கிடையாது. அதை விட்டுவிட்டு டீயும் பன்னும் கொடுத்து அனுப்புவது இந்த ஊரில் ஏன் நாகரிகமாயிற்று என்று எனக்குப் புரியவில்லை. உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்காமல் தடுப்பதைத் தவிர அந்த டீ குழந்தைக்கு வேறெதுவும் செய்வதில்லை.

குளியல். கடல் மட்டத்துக்குச் சுமார் ஆயிரம் மீட்டர் மேலே இருக்கும் ஊர் இது. வெள்ளைக்காரர்கள் 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் குழந்தைகளைக் குளிப்பாட்டியே தீர வேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. மாலையில் பள்ளி விட்டு வந்ததும் குளிக்கட்டும். காலையில் முகம், கை, கால் போதும். அவ்வாக்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். இதை நான் வலியுறுத்தக் காரணம் ஹீட்டர் ராடு. பிளாஸ்டிக் வாளியில் ராடைப் போட்டு சுவிட்சைத் தட்டிவிட்டு அம்மா பஸ்ஸுக்கு ஓட, தண்ணீர் சுட்டதா என்று பெரியவள் விரலை விட்டுப் பார்க்கிறாள். மின்சாரம் பாயும் தண்ணீர் வெளியே பார்க்க ஒரு மாதிரியும் தெரியாது. பெரியவர்கள் இல்லாத நேரத்தில் ராடு பரணில் இருக்க வேண்டும்.

வெளியே பூட்டிவிட்டுப் போகும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. திருடனுக்குப் பயந்து போடும் பூட்டு, தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்களை வெளியே விடாது. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கட்டும், சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.

பள்ளி விட்ட பிறகு

அங்கன்வாடியிலிருந்து சின்னவளைக் கூட்டி வருவது பெரியவளின் வேலையாகிவிட்டால், அவளுக்கு விளையாட்டுப் பீரியட் போகும், சில நாள் கடைசிப் பீரியடும் போகும். ஆசிரியர் முதலில் கேட்பார், பிறகு பழகிவிடுவார். இந்த நிலைக்கு விடாதீர்கள். கூட்டி வரும் பொறுப்பு காலையில் வைத்த ஆளிடமே இருக்கட்டும்.

மாலையில் பெரியவளுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் தங்கை அவள் மடியில் இருக்கக் கூடாது. படிக்கலாம், படிக்காமலும் இருக்கலாம். தெருவில் சைக்கிள் ஓட்டலாம். "பொம்பளப் பிள்ளைக்கு என்ன தெருவுல வேலை" என்று யாராவது கேட்டால், வீட்டுக்குள் அவளுக்கு என்ன வேலை வைத்திருக்கிறோம் என்று யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

பாலிஹவுஸிலிருந்து வரும் அம்மாவுக்கு ஒரு தனிக் குறிப்பு. பூச்சிமருந்து அடித்த குடிலில் நின்ற சேலையோடும் சட்டையோடும் ஓடிவரும் சின்னவளைத் தூக்காதீர்கள். உடையை மாற்றி, கை கால் கழுவி, பிறகு தூக்குங்கள். அந்த உடையைக் குழந்தைகளின் துணியோடு ஊறப்போடாதீர்கள். பெரியவளைத் துவைக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். பிப்ரவரி 14க்கு ஏற்றுமதியாகும் ரோஜாவுக்காக ஜனவரிக் கடைசியிலிருந்து வேலை நேரம் நீளும். அந்த வாரங்களைக் காலண்டரில் முன்கூட்டியே குறித்து, ஊரிலிருந்து பாட்டியை வரவழைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் மொழி எதுவாகவும் இருக்கலாம். தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசும் வீடுகள் இங்கே ஏராளம். பாலிஹவுஸ் வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்க் குடும்பங்களும் இருக்கின்றன. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. ஆகவே வீட்டில் தமிழ் எழுத, படிக்கத் தெரிந்த முதல் ஆள் பெரும்பாலும் பெரியவள்தான். ரேஷன் கடை, வங்கி, மருத்துவமனை என்று எல்லா இடத்துக்கும் மொழிபெயர்க்க அவளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கெட்டிக்காரப் பெண் என்று பெருமையும் படுகிறார்கள். ரேஷன் கடைக்குச் சரி. அம்மாவின் உடம்பு பற்றி மருத்துவரிடம் பேசுவதற்கும், கடன் பற்றி வங்கியில் பேசுவதற்கும் எட்டு வயதுக் குழந்தையை நடுவில் நிறுத்தக் கூடாது. வளர்ந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். அதற்காக ஒரு நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

ராகி முற்றும் காலம்

ஐப்பசி தொடங்கியதும் யானைகள் வரும். பன்னேர்கட்டா காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகத் தளி, ஜவளகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டைப் பக்கமும் அதைத் தாண்டியும் போகும். ராகிக் கதிர் முற்றும் வாசம் தெரிந்து வருவதாக ஊரில் சொல்வார்கள். இந்தக் காடுகளைச் சேர்த்து 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஆனால் சரணாலயத்தின் எல்லைக்கோடு யானைக்குத் தெரியாது.

இந்த மாதங்களில் காலை இருட்டிலும் மாலை மசங்கலிலும் குழந்தைகள் தனியாக நடக்கவே கூடாது. அக்காவும் தங்கையும் சேர்ந்து போவது துணை ஆகாது. இரண்டு குழந்தைகள் தனியாகப் போகிறார்கள் என்றுதான் அர்த்தம். டியூஷனை ஐந்து மணிக்குள் முடித்து அனுப்பும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். முடியாதென்றால் தை வரை டியூஷனை நிறுத்துங்கள். கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று வனத்துறை அறிவிப்பதைத் தெரிந்துகொண்ட பிறகே பள்ளிக்கு அனுப்புங்கள். ராகி மூட்டையைக் குழந்தைகள் படுக்கும் அறையில் அடுக்காதீர்கள், ராகியைத் தேடிச் சுவரை இடிக்கும் யானை அறைக்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. அப்பா இரவுக் காவலுக்குப் பரணில் படுக்கப் போகும் நாட்களில் அம்மா நைட் ஷிஃப்ட் ஏற்கக் கூடாது. இதையும் அந்தக் காலண்டரில் குறியுங்கள்.

பல்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டதே அதற்காகத்தான். எட்டு வயதுக்குள் நிலைத்த பற்கள் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும். அந்த வயதில் ஃபுளோரைடு அதிகமான நீரைக் குடித்தால் பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையுமாக முளைக்கும். தேய்த்தால் போகாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் இன்னும் செறிவாகும். பெரியவளுக்கு வந்துவிட்டது என்றால் சின்னவளையாவது காப்பாற்றலாம். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் நீரைப் பிடித்து வையுங்கள், ஆழ்குழாய்த் தண்ணீரைத் துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் அந்த நீர் குழந்தைகளுக்கு வேண்டாம். பல பேஸ்ட்களிலும் ஃபுளோரைடு உண்டு; மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு பேஸ்ட் போதும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வருவதும் பெரியவர்களின் வேலைதான்.

இரவில் காய்ச்சல் வந்தால்

108ஐ அழைக்கும்போது முதல் வாக்கியத்திலேயே "தமிழ்நாடு, கிருஷ்ணகிரி மாவட்டம், தளி" என்று சொல்லிவிடுங்கள். எல்லையோரத்தில் கர்நாடக சிக்னல் பிடித்தால் அழைப்பு அந்தப் பக்கத்துக்குப் போய்விடலாம், அங்கேயும் அதே எண்தான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்கிறார்கள் என்றால் இரண்டு பெண்களின் பெயரும் அதில் ஏறியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பெரியவள் பெயர் இருக்கும், சின்னவள் பெயரைச் சேர்த்திருக்க மாட்டார்கள். குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதுதான் அது தெரியவரும்.

காகிதமும் பணமும்

இதில் பல குடும்பங்கள் தாமதமாகத்தான் விழித்துக்கொள்கின்றன.

பிறப்புச் சான்றிதழ் குழந்தை எங்கே பிறந்ததோ அந்த ஊரில் பதிவாகும். பெரியவள் தேன்கனிக்கோட்டையில் பிறந்து, சின்னவள் ஆனேக்கல்லிலோ பெங்களூரிலோ பிறந்திருந்தால் ஒரே வீட்டில் இரண்டு மாநிலச் சான்றிதழ்கள் இருக்கும். தவறில்லை. அப்பா, அம்மா பெயர்களின் ஆங்கில எழுத்துகள் இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஆதாரில் ஐந்து வயது முடிந்ததும் கைரேகை புதுப்பிக்க வேண்டும், பதினைந்தில் மறுபடியும்.

இரண்டு பெண் குழந்தைகள் மட்டுமே உள்ள, வருமானம் குறைந்த குடும்பங்களுக்காகவே தமிழக அரசின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் 1992 முதல் இருக்கிறது. ஆளுக்கு 25,000 ரூபாய் அரசு வைப்புத்தொகையாகப் போடும்; பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி, 18 வயது முடிந்ததும் வட்டியோடு கிடைக்கும். பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும், ஆண் குழந்தை இருக்கக் கூடாது. இரண்டாவது பெண்ணுக்கு மூன்று வயது முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். "அடுத்தது பையனா இருந்தா" என்று மாமியாரோ சித்தப்பாவோ பேசிப் பேசியே அந்த மூன்று வருடமும் ஓடிவிடுகிறது. கணவனும் மனைவியும் இரண்டு போதும் என்று முடிவு செய்திருந்தால் உறவினர் மனசு மாறும்வரை காத்திருக்க வேண்டாம். விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் கொடுக்கலாம்.

ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி என்பதும் பண விஷயம்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரி போகும்போது 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அவர்களுக்குத்தான். ஓசூர் வேனில் தனியார் பள்ளிக்கு அனுப்புவதோ எல்லை தாண்டிப் படிக்க வைப்பதோ உங்கள் விருப்பம். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுங்கள். ஆறாம் வகுப்பில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பள்ளி தூரமாகிறது, வீட்டில் தங்கையைப் பார்க்க ஆள் வேண்டும், "போதும், நின்னுக்கோ" என்கிறார்கள். படிப்பை நிறுத்தி வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அடுத்து வருவது வரன். 2025 மார்ச்சில் அஞ்செட்டி அருகே மலைக்கிராமத்தில் கட்டாயத் திருமணம் செய்துவைக்கப்பட்ட 14 வயதுச் சிறுமி, ஏழாம் வகுப்போடு நின்றவள். கதறக் கதற அவளைத் தூக்கிப் போனதை ஊரே பார்த்தது. அக்கம்பக்கத்தில் அப்படி ஒரு பேச்சு அடிபட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லுங்கள்.

கடைசியாகச் செல்வமகள் சேமிப்புத் திட்டம். மத்திய அரசின் இந்தத் திட்டத்தில் பெண்ணுக்குப் பத்து வயது முடிவதற்குள் அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பெண்களுக்கு இரண்டு கணக்கு. வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். பதினைந்து வருடம் கட்டினால் போதும். பெண்ணுக்கு 21 வயதானதும் முதிரும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து 21 வருடம் என்பதுதான் விதி. எட்டு வயதில் தொடங்கினால் அவளுக்கு 29 ஆகும்போது முழுப் பணமும் வரும். ஆனால் 18 வயதிலோ பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ மேற்படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு இதை அறிவிக்கும்.

சின்னவள் பிறந்த சந்தோஷத்தில் அவள் பெயரில் கணக்குத் தொடங்கிவிட்டு, பெரியவளை மறந்த வீடுகள் நிறைய. பெரியவளின் பத்தாவது பிறந்தநாளுக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று பார்த்து, காலண்டரில் அதற்கு முந்தைய ஒரு சனிக்கிழமையைக் குறியுங்கள். அஞ்சலகத்துக்குப் போகும்போது பிறப்புச் சான்றிதழ், கணக்கைத் தொடங்கும் பெற்றோரின் ஆதார், பான், புகைப்படம், 250 ரூபாய் கையில் இருக்கட்டும். மதியத்துக்கு முன்னால் போய்விடுங்கள்.